நான்கு சாக்லேட் தொழிற்சாலைகள், ஒரே ஒரு வியாழக்கிழமை

ஜூலையில் மாத்தளையிலிருந்து மாமி வருகிறார். தங்கையின் பிள்ளைகள் இருவரும் லண்டனிலிருந்து வந்து சேர்ந்துகொள்கிறார்கள். மூத்தவளுக்கு 12 வயது, இளையவனுக்கு 6. சுவிட்சர்லாந்துக்கு வரும் உறவினர் எல்லோரும் கேட்பதையே இவர்களும் கேட்டார்கள்: ஒரு சாக்லேட் தொழிற்சாலையைப் பார்க்க வேண்டும். பனிமலைக்கு ஒரு நாள், கோயிலுக்கு ஒரு நாள், சொந்தக்காரர் வீடுகளுக்கு நான்கு நாள் என்று ஒதுக்கியது போக, சாக்லேட்டுக்கு மிஞ்சியது ஒரு வியாழக்கிழமைதான்.

பெர்னில் குடியிருப்பதால் எங்கள் வீட்டுக்கு ஒவ்வொரு கோடையிலும் விருந்தினர் வருவார்கள். அவர்களை அழைத்துக்கொண்டு நான்கு தொழிற்சாலைகளுக்குப் போயிருக்கிறேன். சூரிச் ஏரிக்கரையில் கில்ஷ்பெர்க்கில் இருக்கும் லிண்ட், க்ரூயேர் மலையடிவாரத்தில் ப்ரோக் என்ற ஊரில் இருக்கும் காயே, சென்ட் காலன் பக்கம் ஃப்ளாவிலில் இருக்கும் மாயெஸ்த்ரானி, ஜூரா மலைப் பள்ளத்தாக்கில் கூர்ட்லாரியில் இருக்கும் கமில் ப்ளோக். எல்லாம் சாக்லேட்தானே, எது கிட்டவோ அங்கே போனால் போதும் என்று பலர் சொல்வார்கள். நான் அதை ஏற்பதில்லை. தொலைதூரத்திலிருந்து வந்தவர் ஒரு முழு நாளை நம் கையில் தருகிறார். அந்த நாளை யோசித்துத்தான் செலவழிக்க வேண்டும்.

சுவைக்கும் மேசையை எல்லா இடத்திலும் கடைசியில்தான் வைக்கிறார்கள். அந்த மேசைக்கு வந்து சேரும்போது நம் நாக்குக்குப் புதிதாக என்ன தெரிந்திருக்கிறது என்பதை வைத்தே நான் ஓர் இடத்தை எடைபோடுவேன். ஒன்றும் தெரியாமல் பத்துத் துண்டு தின்பதற்குப் பல்பொருள் அங்காடியில் ஒரு பெட்டி வாங்கினால் போதும், ரயில் டிக்கெட் செலவாவது மிஞ்சும்.

பிள்ளைகளின் வாக்கு முழுவதும் கில்ஷ்பெர்க்குக்குத்தான். காரணம் அந்த ஊற்று. 2020 செப்டம்பரில் ரோஜர் ஃபெடரரை அழைத்துத் திறந்த கட்டடம் அது. உள்ளே நுழைந்ததும் 9 மீட்டருக்கு மேல் உயர்ந்து நிற்கும் சாக்லேட் ஊற்று. மேலே பொன்னிறத்தில் பிரமாண்டமான முட்டையடிக்கும் கம்பி ஒன்று தொங்குகிறது. அதிலிருந்து உருகிய சாக்லேட் வழிந்து, கீழே இருக்கும், லிண்டோர் என்ற அவர்களுடைய உருண்டைச் சாக்லேட்டின் பெரிய உருவத்தின் மேல் விழுகிறது. இளையவன் அதைக் காணொளியில் பார்த்துவிட்டான். அதில் வாய் வைக்க விடமாட்டார்கள் என்று சொல்லியும் அவன் ஆசை தணியவில்லை. அவனைக் குறை சொல்ல மாட்டேன். முதல் முறை அதன் கீழே நின்றபோது நானும் வெகு நேரம் அண்ணாந்து பார்த்தேன்.

ஊற்றைத் தாண்டினால் ஒழுங்காக அமைத்த கண்காட்சி. கொக்கோ விளையும் நிலத்திலிருந்து தொடங்கி, அமெரிக்கப் பழங்குடிகளின் காலம், ஐரோப்பிய அரண்மனைகள், சுவிஸ் முன்னோடிகள் என்று வருகிறது. அங்கே எனக்குப் பிடித்தது கொன்ச் என்ற இயந்திரத்தின் கதை. 1879இல் ரொடோல்ஃப் லிண்ட் அதை உருவாக்கினார். அது நடந்தது சூரிச்சில் அல்ல, எங்கள் பெர்னில், ஆரே ஆற்றங்கரையில் இருக்கும் மாட்டே பகுதியில். அதுவரை சாக்லேட் பல்லில் நறநறக்கும் பண்டம். உடைத்துத் தின்ன வேண்டும், அல்லது கரைத்துக் குடிக்க வேண்டும். ஒரு வெள்ளிக்கிழமை மாலை இயந்திரத்தை நிறுத்தாமல் போய்விட்டார், திங்கட்கிழமை வந்து பார்த்தபோது கலவை பட்டுப்போல் ஆகியிருந்தது என்று கதை சொல்கிறார்கள். கதை எப்படியோ, உண்மையான வேலை இதுதான்: மணிக்கணக்கில் சூட்டோடு பிசையப் பிசைய, கொக்கோ விதையை நொதிக்க வைத்தபோது அதற்குள் ஏறிய புளிப்பு ஆவியாகிப் போகிறது. சர்க்கரையின் ஒவ்வொரு துகளையும் கொக்கோ வெண்ணெய், அதாவது விதையின் கொழுப்பு, சுற்றிக்கொள்கிறது. 1899இல் ஸ்ப்ருங்லி குடும்பத்தின் நிறுவனம் லிண்டின் தொழிலையும் இரகசியத்தையும் 15 இலட்சம் பிராங்குக்கு வாங்கியது.

ஆட்டுக்கல்லில் மாவு அரைத்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதே இல்லை. எவ்வளவு நேரம் ஆட்டுகிறோமோ அவ்வளவு மென்மை. அந்த உறவு வெறும் உவமையும் அல்ல. இன்று பல நாடுகளில் சிறிய அளவில் சாக்லேட் செய்பவர்கள் பயன்படுத்தும் கல் இயந்திரம், கோயம்புத்தூரில் இட்லி மாவுக்காகச் செய்த கிரைண்டரின் வழிவந்தது. எந்தத் தொழிற்சாலைக் கண்காட்சியிலும் இதை எழுதி வைத்து நான் பார்க்கவில்லை. அதனால் நானே சொல்லிக்கொண்டு நடப்பேன்.

கில்ஷ்பெர்க்கில் கரண்டியை நீட்டினால் வெள்ளை, பால், கறுப்பு என்று மூன்று வகைச் சாக்லேட்டும் திரவமாக வந்து விழும். பிறகு துண்டுகள், கடைசியில் லிண்டோர் உருண்டைகள். உருண்டையின் உட்பக்கம் வாயில் வைத்ததும் கரைவதற்குக் காரணம் அதில் இருக்கும் தேங்காய்க் கொழுப்பு. மாமி கேட்டால் மகிழ்வார். கண்ணாடிக்குப் பின்னால் ஒரு சிறிய தயாரிப்புப் பகுதியையும் காட்டுகிறார்கள். நடமாட வசதியான இடம், தள்ளுவண்டியும் சக்கர நாற்காலியும் தாராளமாகப் போகும். சூரிச்சிலிருந்து ரயிலில் கால் மணி நேரம்கூட ஆகாது, கோடையில் படகிலும் போகலாம். அடுத்த ஊரான அட்லிஸ்வில்லில் முருகன் கோயில் இருப்பதால், காலையில் கோயில், பிற்பகலில் சாக்லேட் என்று ஒரே நாளில் முடித்துக்கொள்ளும் குடும்பங்கள் உண்டு. சூரிச் விமான நிலையத்தில் ஏழெட்டு மணி நேரம் காத்திருக்க நேர்ந்தவர்களுக்கும் நான் இதையே சொல்வேன். ஆனால் நேரம் குறித்த டிக்கெட்டை முன்கூட்டியே இணையத்தில் எடுத்துவிட வேண்டும். மழை பெய்யும் கோடை நாளில் போய் நின்றுகொண்டு டிக்கெட் கேட்பது வீண்.

கில்ஷ்பெர்க்கில் எனக்கு இருக்கும் குறை ஒன்றுதான். அங்கே கண்ணுக்கு நிறையக் கிடைக்கிறது, கைக்குக் கிடைப்பது குறைவு. சாக்லேட்டின் அழகைக் காட்டுகிறார்கள். அது ஒரு மரத்தின் காயிலிருந்தும் ஒரு மாட்டின் மடியிலிருந்தும் வந்தது என்பதை மூக்கால் உணர வேண்டுமென்றால் ப்ரோக்குக்குத்தான் போக வேண்டும்.

காயே என்ற பெயரை எழுத்துக்கூட்டிக் கைலர் என்று சொல்பவர்கள் பலர். இன்றும் விற்பனையில் இருக்கும் சுவிஸ் சாக்லேட் பெயர்களில் மிகப் பழையது அது. ஃப்ரான்சுவா லூயி காயே 1819இல் வெவே அருகே தொடங்கினார். பேரன் அலெக்சாந்தர் 1898இல் ப்ரோக்கில் தொழிற்சாலை கட்டினார். அந்த மலைச்சரிவில் எதற்காகக் கட்டினார் என்பதை ரயிலின் சன்னலே சொல்லிவிடும். ஃப்ரிபூர்கைத் தாண்டியதும் இரு பக்கமும் பசும்புல், மாடு, மறுபடி புல், மறுபடி மாடு. பால் வாசலுக்கே வந்துவிடும் இடம்.

பால் சாக்லேட் என்பது இன்று ஆறு வயதுப் பிள்ளைக்கும் தெரிந்த பொருள். அதைச் செய்து முடிக்க ஒரு மனிதர் பல ஆண்டு திணறினார். காயேயின் மகள் ஃபன்னியை மணந்த டானியேல் பீட்டர் அவர். மெழுகுவர்த்தி செய்துகொண்டிருந்தவர், மாமனார் வீட்டுத் தொழிலுக்கு மாறினார். பாலில் பெரும்பகுதி தண்ணீர். கொக்கோவில் பாதிக்கு மேல் கொழுப்பு. இரண்டும் சேர மறுத்தன. சேர்த்தாலும் சில நாளில் கெட்டுப்போயின. பாலின் தண்ணீரைச் சுண்டவைத்தால் வழி பிறக்கும் என்று கண்டு, 1875இல் வெற்றி பெற்றார். பீட்டரின் நிறுவனமும் காயேயும் ஒன்றாகி, 1929இல் நெஸ்லேயுடன் இணைந்தன. பெரும்பாலான தயாரிப்பாளர்கள் பால்மாவுக்கு மாறிவிட்ட பிறகும், காயே சுண்டவைத்த பாலையே பயன்படுத்துகிறது.

டின்பாலைக் கிண்டிப் பால்ரொபி செய்தவர்கள் ஒரு துண்டு காயே பால் சாக்லேட்டை வாயில் போட்டுப் பார்க்கட்டும். பின்னணியில் வரும் அந்தக் காய்ச்சிய பாலின் வாசம் நமக்கு முன்பே பழக்கமானது. ப்ரோக்குக்கு அழைத்துப்போன நம் மக்கள் ஒவ்வொருவரும் இதைத் தாங்களாகவே கண்டுபிடித்துச் சொன்னபோது எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சி பெரிது.

சுற்றின் முதல் பகுதி நாடக பாணியில் இருக்கும். இருட்டு அறைகளின் கதவுகள் ஒவ்வொன்றாகத் திறக்க, ஒரு குரல் மெக்சிகோவின் பழைய அஸ்டெக் மக்கள் காலத்திலிருந்து கதை சொல்லிக்கொண்டே வரும். இருபது நிமிடம் போல நீளும் இந்தப் பகுதி எனக்கு அவ்வளவு பிடிப்பதில்லை. குழுவாக நகர வேண்டும், விரும்பிய இடத்தில் நிற்க முடியாது. சின்னவன் இருட்டில் என் கையைப் பிடித்துக்கொள்ள வேண்டியிருக்கும். ஆனால் அடுத்த கூடத்தில் கொக்கோ விதை, பாதாம், ஹேசல்நட் எல்லாம் மூட்டைகளில் இருக்கும். தொட்டுப் பார்க்கலாம், முகர்ந்து பார்க்கலாம். அதற்கப்பால் பிராஞ்ச் எனப்படும் சிறிய நீளத்துண்டுகள் வரிசையாக உருண்டு, பூசப்பட்டு, பொதியப்பட்டு வரும் இயந்திரம். அதன் பிறகுதான் சுவைக்கும் கூடம். நான் முதலில் கறுப்பை எடுக்கச் சொல்வேன், பிறகு பால், வெள்ளையைக் கடைசியில். இடையில் தண்ணீர் குடிக்க வேண்டும். கடிக்காமல் நாக்கின் மேல் வைத்தால், நல்ல சாக்லேட் உடல் வெப்பத்திலேயே உருகத் தொடங்கும். கொக்கோ வெண்ணெய் 34 பாகை செல்சியஸுக்கு அருகில் உருகும்படி அதைப் பதமாக ஆற்றி எடுத்திருக்கிறார்கள். இவ்வளவையும் அறிந்து சுவைப்பவர் ஐந்து துண்டோடு நிறுத்திக்கொள்வார், அந்த ஐந்தும் நினைவில் நிற்கும்.

ப்ரோக்குக்கு இன்னொரு பலம் அதன் சுற்றுப்புறம். தொழிற்சாலைக்கு அருகிலிருந்து ஜோஞ் ஆற்றுப் பள்ளத்தாக்கு வழியாக மோன்சால்வன் ஏரிக்கு நடைபாதை போகிறது. பாறையைக் குடைந்த சிறிய சுரங்கங்களும் மரப்பாலங்களும் உண்டு. முழங்கால் வலி உள்ளவருக்கு வேண்டாம், 12 வயதுக்காரி ஓடியே போய்விடுவாள். க்ரூயேர் கோட்டை ஊரும், அதன் அடிவாரத்தில் ப்ரின்ஜியில் பாலாடைக்கட்டி செய்யும் இடமும் கிட்டத்தான். மரக்கறி உணவை இறுக்கமாகக் கடைப்பிடிப்பவர்கள் ஒன்றை அறிந்திருக்க வேண்டும்: க்ரூயேர் பாலாடைக்கட்டியைக் கன்றின் இரைப்பைச் சாற்றைக் கொண்டுதான் உறைய வைக்கிறார்கள். அவர்களுக்கு அந்த ஊரின் கெட்டிப் பாலேடு இருக்கிறது, கரண்டி அதில் நிமிர்ந்து நிற்கும். பெர்னிலிருந்து தொழிற்சாலை வாசல்வரை ரயில் போகிறது, ஒரு மணி நேரத்துக்குச் சற்று அதிகம். சூரிச்சில் இருப்பவர்களுக்கு மட்டும் இது நீண்ட பயணம். அவர்கள் காலையிலேயே புறப்பட்டுவிட வேண்டும்.

ஃப்ளாவிலைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1852இல் அக்விலினோ மாயெஸ்த்ரானி தொடங்கிய நிறுவனம், மினோர், மூன்ஸ் என்ற பெயர்களில் கடைகளில் கிடைக்கும். சோக்கோலாரியம் என்ற பார்வையாளர் கூடத்தை 2017இல் திறந்தார்கள். மேலிருந்து நேராகத் தயாரிப்புக் கூடத்தைப் பார்க்க முடிவதுதான் அதன் சிறப்பு. உண்மையான வேலை, உண்மையான தொழிலாளர்கள். இயந்திரம் எப்படி ஓடுகிறது என்று கேட்டுத் துளைக்கும் பிள்ளைக்கு நான்கில் இதுவே சிறந்தது. கிழக்குச் சுவிஸில் உறவினர் வீட்டில் தங்கியிருப்பவர்கள் யோசிக்காமல் இங்கே போகலாம். பெர்னிலிருந்து புறப்பட்டால் நாளில் பாதி ரயிலில் கழியும்.

கூர்ட்லாரியை மட்டும் இப்படி விரைந்து கடக்க எனக்கு மனம் வரவில்லை. போக்குவரத்து குறைந்த பள்ளத்தாக்கு, கைக்கடிகாரம் செய்யும் ஊர்கள், நடுவே ஒரு குடும்பத்தின் தொழிற்சாலை. கமில் ப்ளோக் 1929இல் பெர்னில் தொடங்கி 1935இல் அங்கே குடிபெயர்ந்தார். போர் வந்தது. கொக்கோ வரத்துச் சுருங்கி, பங்கீடு நடந்தது. இருந்த கொக்கோவை நீட்டிப் பயன்படுத்த ஹேசல்நட்டை அரைத்துக் கலந்து, முழுக் கொட்டைகளையும் பதித்து, 1942இல் ஒரு புது இனிப்பைச் செய்தார். ரகூசா என்று பெயர் வைத்தார். பஞ்சகாலத்துக்குச் செய்தது, எண்பது ஆண்டு கழித்தும் இந்நாட்டு ரயில் நிலையக் கடைகள் எல்லாவற்றிலும் இருக்கிறது. எங்கள் வீடுகளிலும் அரிசி இல்லாத காலத்தில் பிறந்த பலகாரங்கள் உண்டு, வசதி வந்த பிறகும் நாம் அவற்றை விடவில்லை. அதனால்தானோ என்னவோ, 2017இல் அங்கே திறந்த பார்வையாளர் கூடத்துக்கு நான் மட்டும் தனியாக இரண்டு முறை போயிருக்கிறேன். கூட்டம் குறைவு, நிதானமாக உட்கார்ந்து சாப்பிட உணவகமும் உண்டு. பெரியவர்கள் இருவர் மட்டும் போவதென்றால் என் முதல் தேர்வு இதுதான். கொட்டை ஒவ்வாமை உள்ள பிள்ளை கூட வந்தால் இதை முற்றாகத் தவிர்த்துவிடுங்கள்.

எங்கே போவதானாலும் வார நாளில் போவது நல்லது. ஒரு முறை ஞாயிற்றுக்கிழமையன்று விருந்தினரோடு ஓர் இடத்துக்குப் போய், ஓடாத இயந்திரங்களைக் கண்ணாடி வழியே பார்த்துவிட்டுத் திரும்பினோம். சுவிஸில் வாழும் பெற்றோர் 6 முதல் 16 வயது வரையான தங்கள் பிள்ளைகளுக்கு 30 பிராங்கில், பெற்றோரோடு ரயிலில் இலவசமாகப் போக ஆண்டு முழுதும் செல்லும் ஜூனியர் அட்டை வாங்கியிருப்பார்கள். வெளிநாட்டிலிருந்து வரும் உறவினருக்கு, இங்கே நாம் வாழும் ஊரின் நகரசபையில் முன்கூட்டியே வாங்கும் ரயில் நாள் டிக்கெட் நிறைய மிச்சப்படுத்தும். மது தொடாதவர்கள் சுவைக்கும் மேசையில் கேட்டுவிட்டே எடுக்க வேண்டும், செர்ரி மதுவை உள்ளே அடைத்த சாக்லேட் இந்நாட்டில் சாதாரணம். ஊருக்குக் கொண்டுபோக வாங்குபவர்கள் மிருதுவான உள்ளீடு உள்ள உருண்டைகளைத் தவிர்த்து, கெட்டிப் பாளங்களாக வாங்குங்கள். கொழும்பு வெயிலில் உருகி மறுபடி இறுகினால் மேலே வெள்ளையாகப் பூத்துவிடும். அது பூஞ்சணம் அல்ல, கொழுப்பு மேலே வந்து படிந்தது. தின்னலாம், ஆனால் அந்தப் பளபளப்பும் உடையும் ஓசையும் போய்விடும்.

நான்கு இடங்களிலும் எனக்கு மனத்தாங்கல் ஒன்று உண்டு. சுவிஸில் ஒரு கொக்கோ மரமும் வளர்வதில்லை. உலகக் கொக்கோவில் பாதிக்கு மேல் ஐவரி கோஸ்டிலும் கானாவிலும் விளைகிறது. காயை வெட்டி, உடைத்து, விதையை வாழையிலையில் மூடி நொதிக்க வைத்து, வெயிலில் காயப்போடும் கைகள் அங்கே இருக்கின்றன. அந்த விவசாயிக்குக் கிடைக்கும் பங்கு மிகச் சிறியது, தோட்டங்களில் பிள்ளைகளும் வேலை செய்கிறார்கள். கண்காட்சிகள் இதை ஒரு பலகையிலோ ஒரு சிறு படத்திலோ தொட்டுவிட்டு நகர்கின்றன. 12 வயதுக்காரிக்கு நான் அதை நின்று விளக்குவேன். அவளுக்குப் புரியும் வயதுதான்.

தொலைபேசியில் மாமியிடம் நான்கு இடங்களையும் பற்றிச் சொன்னேன். ஊற்றைப் பற்றிச் சொன்னபோது, "அவ்வளவு சாக்லேட்டா!" என்று வியந்தார். ப்ரோக்கில் விதை மூட்டை இருப்பதைச் சொன்னதும் அவர் குரல் மாறிவிட்டது. மாத்தளையில் அவருடைய அப்பாவின் தோட்டத்தில் மிளகுக்கொடிகளோடு கொக்கோவும் நின்றதாம். "பள்ளிக்கூடம் விட்டு வந்து காயை உடைத்து, வெள்ளைச் சதையை உறிஞ்சிவிட்டு விதையைத் துப்புவோம். புளிப்பும் இனிப்புமாக இருக்கும். அப்பா ஏசுவார், காசைத் துப்புகிறீர்கள் என்று. காய்ந்த விதையை வியாபாரி வந்து எடுத்துப் போவார். அது எங்கே போகிறது என்று எனக்குத் தெரியாது, பிள்ளை. அந்த விதையைக் கையில் எடுத்துப் பார்க்க விடுவார்களா?"

விடுவார்கள் என்று சொன்னேன்.

பிள்ளைகள் அடுத்த கோடைக்கும் வருவார்கள், ஊற்று அங்கேதான் இருக்கும். மாமிக்கு 74 வயது, விசா கிடைத்தது இதுவே முதல் முறை. ப்ரோக்குக்கு நான்கு டிக்கெட் எடுத்துவிட்டேன், காலை பத்தரைக்கு. முதல்நாள் இரவே எலுமிச்சைச் சாதம் கட்டிவைக்க வேண்டும். சின்னவனிடம் இன்னும் சொல்லவில்லை. இருட்டு அறைகள் இருக்கின்றன, அங்கே மாமியின் கையை நீதான் பிடித்துக்கொள்ள வேண்டும் என்று சொல்லலாம் என்றிருக்கிறேன்.